செய்கை எங்கே, பிள்ளைகளே?

அன்பான என் பழைய மாணவர்களுக்கும் சொந்தங்களுக்கும்,

ஸ்காபரோவில் மகள் வீட்டிலிருந்து எழுதுகிறேன். பதிவு கொஞ்சம் நீளம். கொஞ்சம் கோபமும் இருக்கிறது. தேத்தண்ணியோடு இருந்து வாசியுங்கள்.

நவம்பர் 1ஆம் திகதி இரவு இந்த வீட்டில் ஒருவரும் நேரத்துக்கு நித்திரை கொள்ளவில்லை. பேஸ்போல் உலகத் தொடரின் ஏழாவது, கடைசி ஆட்டம். எங்கள் ரொறன்ரோ புளூ ஜேஸும் லொஸ் ஏஞ்சல்ஸ் டொட்ஜர்ஸும் ஆடினார்கள். ஒன்பது இன்னிங்ஸில் முடியவேண்டிய ஆட்டம் பதினொன்று வரை இழுபட்டு, நள்ளிரவு தாண்டி, 5-4 என்று ரொறன்ரோ தோற்றது. பதினான்கு வயதுப் பேரன் முழங்காலைக் கட்டிக்கொண்டு அழுதான். நான் பக்கத்தில் இருந்தேன், ஒன்றும் சொல்லவில்லை. ஒரு நல்ல ஆட்டத்தில் தோற்று அழுகிற பிள்ளையை அவசரப்பட்டுத் தேற்றக் கூடாது.

விடிந்து எழும்பி வந்தால் பொடியன் கைத்தொலைபேசியோடு இருக்கிறான். முகத்தில் அழுத சுவடு இல்லை.

"அம்மம்மா, பிஷெற் எங்களோட இருப்பாரா, வேற ரீமுக்குப் போவாரா? போறார் எண்டு ஒராள் போட்டிருக்கிறார்."

பொ பிஷெற் அப்போது அந்த அணியின் முக்கிய வீரர்களில் ஒருவராக இருந்தார். ஒப்பந்தம் முடிந்திருந்தது, எந்த அணியோடும் பேசலாம் என்ற நிலை. ஆனால் தோற்று எட்டு மணித்தியாலம் ஆகவில்லை. அந்தப் பதினொரு இன்னிங்ஸை நினைத்துப் பார்க்கக்கூட ஒரு காலைநேரம் கிடைக்கவில்லை. அதற்குள் அடுத்த செய்திக்குப் பசி வந்துவிட்டது.

இந்தப் பசியைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

பேஸ்போல் தெரியாத சொந்தங்களுக்காக ஒரு வார்த்தை. நாங்கள் பள்ளிக்கூடத்தில் விளையாடிய எல்லே நினைவிருக்கிறதா? எறிந்த பந்தைத் தடியால் அடித்துவிட்டு வட்டமாக ஓடி வருவோமே, அதற்குப் பெரிய அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். மார்ச் கடைசியில் தொடங்கினால் செப்ரெம்பர் கடைசி வரை ஒவ்வொரு அணிக்கும் 162 ஆட்டங்கள். அநேகமாக ஒவ்வொரு நாளும் ஆட்டம். பிறகு ஒக்ரோபரில் இறுதிச் சுற்றுகள். அதன்பின் திடீரென்று எல்லாம் நின்றுவிடும். பெப்ரவரி நடுப்பகுதி வரை மைதானத்தில் ஒன்றுமே இல்லை. வெளியே பனி.

இந்த இடைவெளியில் ரசிகர்கள் கதைப்பது புதிய பழக்கம் இல்லை. அந்தக் காலத்தில் கடைகளில் சூடேற்றும் அடுப்பைச் சுற்றி இருந்து, எந்த வீரர் எங்கே போவார், வருகிற வருடம் எப்படி இருக்கும் என்று கதைப்பார்களாம். அதனால் குளிர்காலப் பேச்சுக்கே 'சூட்டடுப்பு' என்று அங்கே பெயர். எங்கள் ஊரில் ஆலமரத்தடியில், வாசிகசாலைத் திண்ணையில் நடந்த கதைதான். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அடுப்படியில் கதைத்தவனுக்குத் தான் ஊகிக்கிறேன் என்று தெரியும். கேட்டவனுக்கும் தெரியும். இன்று ஊகம் செய்தியின் சட்டையைப் போட்டுக்கொண்டு வருகிறது. என் சண்டை அந்தச் சட்டையோடுதான்.

2023 டிசெம்பர் 8, வெள்ளிக்கிழமை. நான் அப்போதும் இங்கேதான் இருந்தேன். ஷோஹெய் ஓட்டானி என்ற ஜப்பானிய வீரர், பந்து எறிவதிலும் அடிப்பதிலும் ஒருசேர வல்லவர், எந்த அணிக்குப் போவார் என்று உலகமே பார்த்துக்கொண்டிருந்தது. அன்று ஒரு தளத்தில் அவர் ரொறன்ரோவைத் தெரிவுசெய்துவிட்டார் என்று வந்தது. மதிப்புள்ள ஒரு நிருபர், ஓட்டானி ரொறன்ரோவுக்கு வந்துகொண்டிருக்கிறார் என்று எழுதினார். தெற்குக் கலிபோர்னியாவிலிருந்து ரொறன்ரோவுக்கு ஒரு தனியார் விமானம் புறப்பட்டதை யாரோ கண்டுபிடித்தார்கள். அவ்வளவுதான். ஆயிரக்கணக்கானோர் வேலையை விட்டுவிட்டு, வரைபடத்தில் நகரும் அந்தச் சின்ன மஞ்சள் விமானப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்னொரு பக்கம், புளூ ஜேஸில் இருந்த ஜப்பானிய வீரர் கிக்குச்சி மைதானத்துக்குப் பக்கத்தில் ஒரு சுஷி உணவகத்தை முழுதாக ஒதுக்கிவிட்டாராம் என்று ஒரு கதை. விருந்து யாருக்கு என்று சொல்லவும் வேண்டுமா?

விமானம் பியர்சனில் இறங்கியது. கமராக்கள் காத்திருந்தன. இறங்கியவர் ரொபேர்ட் ஹேர்ஜாவெக் என்ற கனடியத் தொழிலதிபர், குடும்பத்தோடு வீடு திரும்பியவர். ஓட்டானி கலிபோர்னியாவில் தன் வீட்டில் இருந்தார். அடுத்த நாள் தன் இன்ஸ்ரகிராமில் தானே அறிவித்தார்: டொட்ஜர்ஸ். பத்து வருடம், 700 மில்லியன் டொலர்.

அந்த நிருபர் மன்னிப்புக் கேட்டார். அது நல்ல பழக்கம். அவரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. ஏனென்றால் அந்த வெள்ளிக்கிழமை நான் செய்த காரியம் எனக்குத் தெரியும்.

பேரன் ஓடிவந்து காட்டினான். நான் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தேன். உடனே எங்கள் பழைய மாணவர் வட்ஸ்அப் குழுவில், "ஓட்டானி ரொறன்ரோவுக்கு வருகிறார், விமானம் வந்துகொண்டிருக்கிறது" என்று போட்டேன். 34 வருடம் கணிதம் படிப்பித்த நான். பதினைந்து பேர் கைதட்டினார்கள். ஒரே ஒரு பிள்ளை மட்டும் கீழே எழுதியது: "ரீச்சர், செய்கை எங்கே?"

குழுவில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு முகம் சுட்டது.

உங்களுக்கு நினைவிருக்கும். விடையை மட்டும் எழுதிக்கொண்டு வந்து நீட்டினால் நான் கொப்பியைத் திருப்பித் தந்துவிடுவேன். விடை சரியாக இருந்தாலும்தான். "செய்கை எங்கே?" என்பேன். எப்படி வந்தாய் என்று காட்டு. காட்ட முடியாவிட்டால் அது உன் விடை இல்லை, பக்கத்து மேசையின் விடை. அதேபோல, தெரியாக் கணியத்துக்கு x என்று பெயர் வைக்கச் சொல்லித் தந்தேன். தெரியாததைத் தெரியாது என்று எழுதிவைத்துவிட்டு, தெரிந்ததைக் கொண்டு படிப்படியாக அதனிடம் போகவேண்டும். கணிதத்தில் நான் உங்களுக்குத் தந்த பெரிய பாடம் அதுதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

அந்த வெள்ளிக்கிழமையின் செய்கையைப் பாருங்கள். தெற்குக் கலிபோர்னியாவிலிருந்து ஒரு விமானம் வருகிறது. ஓட்டானி தெற்குக் கலிபோர்னியாவில் இருக்கிறார். ஆகவே விமானத்துக்குள் ஓட்டானி. எட்டாம் வகுப்புப் பிள்ளை இப்படி எழுதினால் சிவப்புப் பேனையால் சுழித்திருப்பேன். நான் அதைக் கைதட்டல் வாங்கிக்கொண்டு பரப்பினேன்.

ஏன்? பசி. வேறு காரணம் இல்லை.

அதனால்தான் சொல்கிறேன், பொய்ச் செய்திக்கு நிருபர்களை மட்டும் குற்றம் சொல்வது சுகமான சோம்பேறித்தனம். இதற்கு ஒரு வருடம் முந்தி, 2022 டிசெம்பரில், ஏரன் ஜட்ஜ் என்ற பெரிய வீரர் சான் பிரான்சிஸ்கோவுக்குப் போகிறார் போலிருக்கிறது என்று அனுபவமுள்ள ஒரு நிருபர் எழுதினார். அவசரத்தில் 'ஏரன்' என்ற பெயர் 'ஆர்சன்' என்று விழுந்துவிட்டது. ஆங்கிலத்தில் அதற்குத் தீவைப்பு என்று அர்த்தம்! சில நிமிடங்களில் நிருபர் பின்வாங்கினார். அடுத்த நாள் ஜட்ஜ் பழைய நியூயோர்க் யாங்கீஸோடேயே ஒன்பது வருடத்துக்கு உடன்பட்டார். ஒரு பெயரைச் சரிபார்க்கப் பத்து விநாடி போதும். அந்தப் பத்து விநாடியை யார் பறித்தது? புதுப்பித்துப் புதுப்பித்துப் பார்த்துக்கொண்டிருந்த நாங்கள்தான்.

"இன்னும் ஒன்றும் முடிவாகவில்லை" என்று எழுதுகிற நிருபரை ஒருவரும் பகிர்வதில்லை. முந்திச் சொன்னவனுக்கு ஆயிரம் விருப்பக்குறி. பிழையாகச் சொன்னவனையும் அடுத்த கிழமை மறந்துவிடுகிறோம். வகுப்பில் முந்திக் கை உயர்த்துகிறவனுக்கே எப்போதும் பரிசு கொடுத்தால் என்ன நடக்கும் என்று ஆசிரியர்களைக் கேளுங்கள். யோசிக்கிற பிள்ளை கை உயர்த்துவதையே விட்டுவிடும். "தெரியாது ரீச்சர்" என்று சொல்லத் துணிந்த பிள்ளை அவமானப்பட்டுக் குனியும். அப்படிப்பட்ட ஒரு வகுப்பறையைத்தான் நாங்கள் இந்தச் சின்னத் திரையில் கட்டி வைத்திருக்கிறோம். போதாக்குறைக்கு, பிரபல நிருபரின் பெயரில் ஓர் எழுத்தை மாற்றி, காசு கட்டி நீலக்குறி வாங்கிக்கொண்டு விளையாடுகிற கூட்டம் வேறு.

மருமகன் சொல்கிறார்: "மாமி, இது ஒரு விளையாட்டுக்குள்ள இருக்கிற விளையாட்டு. யாருக்கு என்ன நட்டம்?"

நட்டப்பட்ட ஒருவரைச் சொல்கிறேன். இது குளிர்காலத்தில் நடந்தது இல்லை, வீரர்களை மாற்றிக்கொள்ளும் கடைசித் திகதி நெருங்கிய யூலையில் நடந்தது. ஆனால் பசி அதே பசிதான். 2015 யூலை 29. நியூயோர்க் மெற்ஸ் அணிக்கு வில்மர் புளோரஸ் ஆடிக்கொண்டிருந்தார். வெனிசுவேலாவிலிருந்து பதினாறு வயதில் அந்த அணியோடு சேர்ந்த பிள்ளை. ஆட்டம் நடக்கும்போதே அவரை மில்வோக்கி அணிக்கு மாற்றிவிட்டார்கள் என்று ருவிற்றரில் பரவியது. அரங்கில் இருந்த சனம் போனைப் பார்த்துவிட்டு, எழுந்து நின்று அவருக்குப் பிரியாவிடை கொடுக்கிறது! அந்தப் பிள்ளை மைதானத்தின் நடுவில் நின்று, சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துத் துடைத்து ஆடியது. தன் வீட்டைவிட்டுப் போகிறோம் என்பதை முதலாளி சொல்லவில்லை, பயிற்சியாளர் சொல்லவில்லை, ஊர்ச்சனம் சொன்னது. அந்த மாற்றம் கடைசியில் நடக்கவே இல்லை. இரண்டு நாள் கழித்து அதே மைதானத்தில், பன்னிரண்டாவது இன்னிங்ஸில் அவர் அடித்த அடியில் மெற்ஸ் வென்றது. முடிவு இனிப்பாக இருந்ததால் நடுவில் நடந்த கொடுமையை எல்லோரும் அழகான கதையாக்கிவிட்டார்கள்.

ஓட்டானிக்கு வாருங்கள். 2024 ஏப்ரலில் அவர் டொட்ஜர்ஸோடு ரொறன்ரோவுக்கு ஆட வந்தார். அரங்கமே கூச்சலிட்டு அவரை இகழ்ந்தது. வருகிறேன் என்று அந்த மனிதன் எப்போது சொன்னார்? விமானத்தில் ஏற்றியது நாங்கள், சுஷி கடையில் மேசை போட்டது நாங்கள், ஏமாற்றிவிட்டார் என்று கத்தியதும் நாங்கள். முதல் முறை அடிக்க வந்தபோதே அவர் பந்தை அரங்குக்குள் அனுப்பிவிட்டார் என்பது வேறு கதை. மனிதன் கொடுக்காத வாக்குக்கு அவனைத் துரோகியாக்குவது இந்தப் பசியின் கடைசிக் கட்டம். அதை விளையாட்டு என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

செய்திப் பசி எங்களுக்கும் தெரியும். மின்சாரம் இல்லாத வருடங்களில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்ட சனம் நாங்கள். ஒருவர் சுற்ற ஏழு பேர் காது கொடுப்போம். அந்த நாட்களில் ஒரு பிழையான கதையை நம்பி வீட்டை விட்டு இறங்கினால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் ஒரு கதை வந்தால் என் அம்மா முதலில் கேட்பது: "கண்டனியோ, கேட்டனியோ? கேட்டதெண்டால் ஆரிட்டை?" எழுதப் படிக்கத் தெரியாத மனுசி. செய்கை கேட்கத் தெரிந்திருந்தது. உயிர் போகிற பசியிலும் கைவிடாத அந்தக் கேள்வியை, ஒரு பந்தாட்டக்காரன் எந்தச் சட்டை போடுவான் என்ற பசியில் கைவிட்டேன் என்பதுதான் எனக்கு உறைக்கிறது.

அன்று அந்தக் குழுவில் நான் பிழை என்று எழுதினேன். இன்று எல்லோருக்கும் தெரிய எழுதுகிறேன்.

போனைத் தூக்கி எறியுங்கள் என்று நான் சொல்லவில்லை. இந்தப் பதிவையே போனில்தான் எழுதுகிறேன், கட்டைவிரல் நோகிறது. கேட்பது சின்ன விசயம். உங்கள் பிள்ளை "அவர் போறாராம்" என்று ஓடிவந்தால், "ஆர் சொன்னது, அவருக்கு எப்பிடித் தெரியும்?" என்று கேளுங்கள். வீரரோ அணியோ வாய்திறக்கும் வரை அதை x என்று எழுதி வையுங்கள். ஊகிக்க ஆசையாக இருந்தால் நன்றாக ஊகியுங்கள், மேசையைச் சுற்றி இருந்து சண்டை பிடியுங்கள், ஊகம் என்று சொல்லிக்கொண்டே. "இன்னும் தெரியாது" என்று எழுதுகிற நிருபரைக் கண்டால் அதற்கும் ஒரு விருப்பக்குறி போடுங்கள். பாவம், அவருக்கு ஒருவரும் போடுவதில்லை.

பேரனும் நானும் இப்போது ஓர் ஏற்பாடு செய்திருக்கிறோம். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணித்தியாலம் அவன் என்னோடு அந்த ஏழாவது ஆட்டத்தைத் திரும்பப் பார்க்கிறான், ஒரு நாளைக்கு ஓர் இன்னிங்ஸ். நேற்று மூன்றாவது. யார் எங்கே நின்றார், ஏன் அந்தப் பந்தை எறிந்தார் என்று நிறுத்தி நிறுத்தி விளக்குகிறான். நான் கேள்வி கேட்கிறேன். அவன் சில இடங்களில், "தெரியாது அம்மம்மா, திரும்பப் பாப்பம்" என்கிறான். தோற்கப் போகிறோம் என்று தெரிந்துகொண்டே பார்க்கிறோம். ஆனாலும் நன்றாக இருக்கிறது.

பிஷெற் இருப்பாரா, போவாரா? அன்றைக்கு அது x.

பெப்ரவரியில் புளோரிடாவின் டனீடனில் புளூ ஜேஸ் பயிற்சிக்கு இறங்கும். அப்போது யார் யார் நிற்கிறார்கள் என்று கண்ணால் பார்த்துக்கொள்ளலாம். அதுவரைக்கும் பனி பெய்யட்டும்.

இதில் நான் எழுதிய விபரங்களில் பிழை கண்டால் கீழே எழுதுங்கள். செய்கையோடு.

அன்புடன்,
உங்கள் கணித ரீச்சர்