தாய்மாரும் நுழையும் மன்றம்

கொல்கத்தாவில் குடியிருப்புப் பகுதியைப் 'பாரா' என்பர். பாராதோறும் ஒரு மன்றம் உண்டு. கால்பந்து, கேரம், துர்க்கை பூசை ஆகியவை அதன் உயிர். 1911ஆம் ஆண்டு மோகன் பகான் வீரர்கள், ஒருவர் தவிர ஏனையோர் வெறுங்காலுடன் ஆடி, ஆங்கிலேயப் படைப்பிரிவின் அணியை வென்ற நகரம் அது. அந்நகர மக்களின் விளையாட்டுப் பற்றை யாரும் ஐயுறார்.

எனினும், பல மன்றங்களில் மாலைவேளையில் காணப்படுவோர் ஆடவரே. சிறுமியர் வருவதில்லை, ஆகவே அவர்களுக்கெனச் செலவு எதற்கு என்று நிருவாகிகள் வினவுகின்றனர். இது தலைகீழான வாதம். கழிப்பறையும் விளக்கும் இல்லாத திடலுக்கு எந்தத் தாய் மகளை அனுப்புவாள்? 5 முதல் 17 வயது வரையுள்ளோர் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடம் உடலை நன்கு இயக்க வேண்டும் என்கிறது உலக நலவாழ்வு நிறுவனம். அவ்வறிவுரை சிறுவர்க்கு மட்டும் உரியதன்று. கோப்பைகளை அடுக்கும் அலமாரியைவிடக் கழிப்பறைக்கே முதற்பணம் செல்ல வேண்டும்.

புகைபிடித்தலை 2008 அக்டோபர் 2 முதல் நடப்பிலுள்ள விதிகள் பொது இடங்களில் தடுக்கின்றன. அறிவிப்புப் பலகை மட்டும் போதாது. மூத்த உறுப்பினர்களே முதலில் கைவிட வேண்டும். சிங்காராவை ஒழிக்க வேண்டியதில்லை (வங்காளியர் அதற்கு இசையவும் மாட்டார்!), அதனருகே பொரியும் வாழைப்பழமும் இருக்கட்டும். மாலை ஐந்து முதல் ஆறு மணி வரை திடலைச் சிறுமியர்க்கு ஒதுக்கி, அந்நேரப் பொறுப்பைத் தாய்மார் இருவரிடம் ஒப்படைக்கலாம்.