இரண்டாம் பாகத்தின் நாயகன்



நல்ல கதையொன்று முடியும்போது, "பிறகு என்ன நடந்தது?" என்று கேளாத பிள்ளை இல்லை, பெரியவரும் இல்லை. அக்கேள்விக்கு விடையாகவே இரண்டாம் பாகங்கள் பிறக்கின்றன. ஆனால் பிறந்த அன்றே அவை முதற் பாகத்தின் அருகில் நிறுத்தப்பட்டு அளக்கப்படுகின்றன. பெரும்பாலும், "முன்னதைப் போல் இல்லை" என்ற தீர்ப்பையும் பெறுகின்றன. அந்த ஏமாற்றத்தைப் பற்றி இத்திங்கள் நாம் சற்றே சிந்திப்போம்.

இச்சிந்தனையைத் தூண்டியவர்கள் ஜூஜுவாடியின் இளைஞர்கள். ஓசூருக்கும் கர்நாடகத்தின் அத்திப்பள்ளிக்கும் இடையில், நாற்பத்து நான்காம் எண் தேசிய நெடுஞ்சாலையின் ஓரத்தில் உள்ளது ஜூஜுவாடி. பகலில் தொழிற்சாலையிலோ, எல்லைக்கு அப்பால் பெங்களூரின் கணினி நிறுவனங்களிலோ உழைக்கும் பிள்ளைகள் பலர் இரவில் கணினித் திரையின் முன் அமர்கின்றனர். அவர்களுள் சிலர் விரும்புவது, பாத்திரம் ஏற்று ஆடும் விளையாட்டு. மாயமும் மந்திரமும் நிறைந்த கற்பனை நாடொன்றில், ஆடுகின்றவரே கதாநாயகராகி, யாரைக் காப்பது, யாரை எதிர்ப்பது, யாருக்கு முடிசூட்டுவது என்று தாமே தீர்மானிக்க வேண்டும். பல நாட்கள் நீளும் நாடகம் அது.

அவ்வகையில் புகழ்பெற்றது, கனடா நாட்டின் பயோவேர் நிறுவனம் படைத்த 'டிராகன் ஏஜ்' வரிசை. அதன் முதற் பாகம் 2009-இல் வெளிவந்தது. நாயகனின் பிறப்பு வரலாறே அதில் ஆறு வகைப்படும். உயர்குடியில் பிறந்தவனாகவோ, ஒடுக்கப்பட்டோர் சேரியில் பிறந்தவனாகவோ ஆட்டத்தைத் தொடங்கலாம். இறுதியில் தன்னுயிரை ஈந்து நாட்டைக் காப்பதா, வேறு வழி தேடி உயிர் பிழைப்பதா என்னும் கொடிய கேள்வியும் நாயகன் முன் வைக்கப்படும். ஆடியவர்கள் அதனை இன்றும் மறக்கவில்லை.

இரண்டாம் பாகம் 2011-இல் வந்தது. அதிலே ஒரு நகரம். அதனுள் மாயவித்தை அறிந்தோருக்கும் அவர்களைக் காவல் செய்யும் வீரருக்கும் பெரும்பகை. இவ்விரு தரப்பில் ஒன்றை நாயகன் தேர்ந்துகொள்ள வேண்டும். ஆனால் எத்தரப்பைத் தேர்ந்தாலும், முடிவில் இரு தரப்புத் தலைவர்களோடும் போரிட்டே தீர வேண்டியிருந்தது. "அப்படியானால் எங்களை ஏன் கேட்டீர்கள்?" என்று பலர் வருந்தினர். 2014-இல் மூன்றாம் பாகம் வந்தது. நான்காவதாகிய 'தி வேல்கார்ட்', பத்தாண்டுக் காத்திருப்புக்குப் பின் 2024 அக்டோபர் 31 அன்று வெளிவந்தது. நடுவில் அதனைப் பலர் கூடி ஆடும் விளையாட்டாக மாற்ற முயன்று, பின்னர் அம்முயற்சியைக் கைவிட்டுப் பழைய வழிக்கே திரும்பினர். அதன் இறுதிப் பகுதியைப் பாராட்டினோரும் உண்டு. எனினும், காலாண்டில் சுமார் பதினைந்து இலட்சம் பேரே அதனை ஆடினர் என்றும், இது எதிர்பார்த்ததில் ஏறத்தாழப் பாதியே என்றும், அதனை வெளியிட்ட எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனமே 2025 ஜனவரியில் அறிவித்தது.

பிள்ளைகளின் குறை என்ன?

அவர்கள் கூறும் குறைகளைப் பொறுமையுடன் கேட்டால் இரண்டாகத் தொகுத்துச் சொல்லலாம். முதலாவது, புதிய கதை பழையதை மறந்துவிட்டது. முந்தைய பாகங்களில் யாரை அரசராக்கினோம், யாருக்காக எதனை இழந்தோம் என்று ஆடியவர்கள் செய்த எண்ணற்ற தீர்மானங்களுள் மூன்றே மூன்றுதான் நான்காம் பாகத்தில் கணக்கில் கொள்ளப்பட்டன. இரண்டாவது, 'ரூக்' என்னும் புதிய நாயகனுக்குத் தீயவனாகும் உரிமையே இல்லை. எந்த விடையைத் தேர்ந்தாலும் அவன் ஏறக்குறைய நல்லவனாகவும் இனிய சொல்லனாகவுமே இருக்கின்றான். இஃது ஒரு குறையா என்று பெற்றோர் வியக்கலாம். ஆம், குறைதான். தவறிழைக்க இயலாதவனின் நன்மையில் என்ன சிறப்பு உண்டு? களவாட வாய்ப்பிருந்தும் களவாடாதவனையன்றோ நேர்மையாளன் என்கிறோம்! தெரிந்தெடுக்கும் உரிமை இல்லாத இடத்தில் அறமும் இல்லை என்பதை நம் பிள்ளைகள் ஒரு விளையாட்டின் வாயிலாக உணர்ந்திருக்கிறார்கள். "வெறும் விளையாட்டுக்கு இவ்வளவு வருத்தமா?" என்று அவர்களைக் கடிந்து ஒதுக்கிவிடுதல் முறையன்று.

பகலெல்லாம் இயந்திரத்தின் வேகத்திற்குத் தன் கையை இசையச் செய்யும் ஓர் இளைஞன், தன் சொல்லுக்கும் செயலுக்கும் விளைவு உள்ள ஓர் உலகை இரவில் தேடுகின்றான். அங்கேயும், "நீ எதைச் செய்தாலும் ஒன்றே" என்று கூறப்படுமாயின் அவன் மனம் துவளாதோ?

தமிழுக்குப் புதிதன்று

இத்தகைய மனத்தாங்கல் தமிழ் வாசகர்க்கும் புதிதன்று. கல்கி அவர்களின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வெளிவந்தது. அது நிறைவுற்றபோது, கதை திடீரென முடிந்துவிட்டதாகக் கருதி வாசகர் பலர் குறைப்பட்டனர். இன்னார் என்ன ஆனார், அன்னார் என்ன ஆனார் என்று கேட்டனர். கல்கி அவர்கள் அக்கேள்விகளைப் புறக்கணிக்கவில்லை. முடிவுரை ஒன்று எழுதி, மாந்தர்களின் பிற்கால நிலையை விளக்கினார். வாசகரின் ஏக்கத்தை மதித்த எழுத்தாளர் அவர். 1954 டிசம்பர் 5 அன்று அவர் மறைந்தார். பின்னர் விக்கிரமன் அவர்கள் 'நந்திபுரத்து நாயகி' என்னும் புதினத்தில் அக்கதையைத் தொடர்ந்து எழுதினார்.

2023-இல் வெளிவந்த திரைப்படத்தின் இரண்டாம் பாகத்தைக் கண்டு நூலின் அன்பர்கள் பலர் வருந்தியதும் நினைவிருக்கலாம். நூலிலே, பூக்குடலை சுமந்து கோயில் தொண்டு புரிந்த சேந்தன் அமுதனே உண்மையான இளவரசன் என்று தெரிய வருகின்றது. பொன்னியின் செல்வர் தமக்கு வந்த மணிமுடியை அவனுக்குச் சூட்டுகின்றார். திரைப்படத்திலோ அத்திருப்பம் இல்லை; அரண்மனையில் வளர்ந்த மதுராந்தகனே முடிசூடுகின்றான். கதையைச் சுருக்க வேண்டிய நெருக்கடி படைத்தவர்களுக்கு இருந்திருக்கலாம். ஆயினும் எளியவன் ஒருவன் அரியணை ஏறும் காட்சிக்காகக் காத்திருந்தோர்க்கு அது பேரிழப்பே.

கண்ணகிக்குப் பின் மணிமேகலை

இவற்றுக்கெல்லாம் முற்பட்ட இரண்டாம் பாகம் ஒன்று நம்மிடம் உண்டு. சிலப்பதிகாரத்தின் தொடர்ச்சியாகிய மணிமேகலையே அது. உ. வே. சாமிநாதையர் அவர்கள் 1892-இல் சிலப்பதிகாரத்தையும் 1898-இல் மணிமேகலையையும் அச்சேற்றினார். அன்றிலிருந்து இவ்விரு காப்பியங்களும் அருகருகே வைத்து ஒப்பிடப்பட்டு வருகின்றன. அரசவையில் நீதி கேட்டு நகரை எரித்த கண்ணகிக்குப் பின், அவள் கணவன் கோவலனுக்கும் மாதவிக்கும் பிறந்த மகள் நாயகியாக வருகின்றாள். அவளை ஒரு தெய்வம் மணிபல்லவத் தீவுக்கு எடுத்துச் செல்கின்றது. வேற்றுருவம் கொள்ளவும், வான்வழிச் செல்லவும், பசியைத் தாங்கவும் மூன்று மந்திரங்களை அவள் பெறுகின்றாள். அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபியும் அவள் கையை அடைகின்றது. இன்றைய விளையாட்டின் நாயகர்கள் பெறும் ஆற்றல்களுக்கு இவை சற்றும் குறைந்தவை அல்ல!

ஆனாலும் இந்நூலைக் குறித்து மனக்குறை கொண்டோர் பலர். பிற்பகுதியில் சமயவாதிகளின் தருக்கங்கள் நீண்டு கதையை நிறுத்திவிடுகின்றன என்பர். கண்ணகியிடம் கண்ட கனல் இவளிடம் இல்லை என்பர். இவற்றில் உண்மை இல்லாமல் இல்லை.

எனினும் ஒன்றை நோக்குங்கள். மணிமேகலை தன் பேராற்றலை எதற்குப் பயன்படுத்தினாள்? பகைவரை வீழ்த்தவா? அரசைக் கைப்பற்றவா? இல்லை. பிச்சைப் பாத்திரம் ஏந்தி, ஆதிரை என்னும் நல்லாளிடம் முதல் உணவைப் பெற்று, பசித்தோர்க்கு அள்ளி வழங்கினாள். தீராப் பசி கொண்ட காயசண்டிகையின் நோயைத் தீர்த்தாள். அரசனிடம் வேண்டிச் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றினாள். கண்ணகியின் கதையில் ஒரு நகரம் தீயில் வெந்தது. இவள் கதையில் வயிற்றுத் தீ அணைகின்றது. முதற் பாகத்தைத் திரும்பக் கூறவுமில்லை, அதனை மறக்கவுமில்லை. கோவலனின் கொலையுண்ட செய்தி கேட்டுத் துறவு பூண்ட மாதவி, தான் பெற்ற மகளைக் கண்ணகியின் மகள் என்றே உரிமை பாராட்டிப் பேசுகின்றாள். முன் நிகழ்ந்த துயரம் இக்கதைக்கு வேராகின்றது. ஆனால் கிளை தன் விருப்பப்படி வளர்கின்றது. நல்ல இரண்டாம் பாகத்திற்கு இதனினும் சிறந்த இலக்கணம் ஏது?

அக்கதைக்குள்ளேயே ஏமாற்றமடைந்த பெரியவர் ஒருவரும் உண்டு. பாட்டி சித்திராபதி, குலத்தொழிலைப் பேத்தி தொடரவில்லையே என்று மனம் புழுங்குகின்றாள். இந்திர விழாவில் அவள் ஆட வரவில்லை என்று ஊரார் பழி தூற்றுவதைத் தாங்க மாட்டாமல் தூது விடுக்கின்றாள். அரசிளங்குமரன் உதயகுமரனையும் தூண்டிவிடுகின்றாள். அவள் பார்வையில் மணிமேகலை தோல்வியுற்ற இரண்டாம் பாகம்! காப்பியத்தின் பார்வையில் அவளே நாயகி.

நம் இல்லங்களில்

அன்புப் பெற்றோரே, இப்பொழுது நம் இல்லங்களுக்குத் திரும்புவோம். ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை 1970-களில் உருவானது. தொடர்ந்து வந்த ஆண்டுகளில், வானம் பார்த்த நிலத்தை விட்டுப் பெட்டியும் படுக்கையுமாக இங்கே வந்து, ஒற்றை அறையில் நால்வராகத் தங்கி, மிகை நேரப் பணி செய்து வீடு கட்டியவர்கள் உங்களுள் எத்தனை பேர்! உங்கள் வாழ்க்கை முதற் பாகம், சிறப்பான பாகம். உங்கள் பிள்ளைகள் அதன் இரண்டாம் பாகம். "நாங்கள் பட்ட பாட்டில் பாதியேனும் இவன் படுகின்றானா? எங்களைப் போல் இவன் இல்லையே!" என்று இரவு உணவின்போது பெருமூச்செறிகின்றோம். தனக்கென வேறொரு வழியைத் தேடும் மகள் முன் நாமும் சித்திராபதியாகி விடுகின்றோம்.

விளையாட்டைப் பற்றிப் பிள்ளைகள் சொன்ன இரு குறைகளும் இங்கே நமக்குப் பாடமாகின்றன. முன் கதையை இரண்டாம் பாகம் மறந்துவிட்டது என்றால், அதனைச் சொல்லிக்கொடுக்க வேண்டியவர் யார்? நீங்கள் இங்கு வந்த வரலாற்றை உங்கள் பிள்ளைகள் முழுமையாக அறிவார்களா? கண்டிக்கும்போது மட்டும் எடுத்து வீசும் கல்லாக அதனைப் பயன்படுத்தாமல், ஓய்வான ஒரு மாலையில் அமர்ந்து கதையாகச் சொல்லுங்கள். அடுத்ததாக, தவறவே முடியாத நாயகனைப் பிள்ளைகளே விரும்புவதில்லை. எல்லாத் தீர்மானங்களையும் நாமே எடுத்து, "நீ தேர்ந்துகொள்" என்று பெயரளவிற்குக் கேட்டால், எப்பக்கம் சென்றாலும் ஒரே முடிவை வைத்த அந்த விளையாட்டிற்கும் நமக்கும் என்ன வேறுபாடு? எப்படிப்பை மேற்கொள்வது, எவ்வேலைக்குச் செல்வது என்பவற்றில் அவர்கள் தேர்வுக்கு உண்மையான விளைவு இருக்கட்டும். தவறினால் தாங்கிக்கொள்ள நாம் அருகில் இருப்போம்.

இளைஞர்களே, உங்களுக்கும் ஒரு சொல். திரையில் வந்த நாயகன் உங்களை ஏமாற்றியிருக்கலாம். அவனை எழுதியவர்கள் வேறு எவரோ. உங்கள் கதையின் அடுத்த பாகத்தை எழுதும் பேனா உங்கள் கையில் அல்லவா இருக்கின்றது? இரவெல்லாம் விழித்து ஆடி, காலைப் பணிக்குத் தூக்கக் கண்களோடு இயந்திரத்தின் அருகில் நிற்பது ஆபத்து என்பதையும் மறவாதீர்கள். உங்கள் கையில் அமுதசுரபி இல்லை. மாதச் சம்பளம் இருக்கின்றது. பணிக்காக ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து பக்கத்து அறையில் தனித்து உண்ணும் இளைஞனை ஒரு நாள் உங்கள் வீட்டு உணவிற்கு அழைத்துப் பாருங்கள். அத்தீர்மானத்திற்கு விளைவு நிச்சயம் உண்டு.