எந்த லென்ஸ் வாங்கலாம்னு கேட்டா, முதல்ல படத்தைக் காட்டச் சொல்லுங்க



இன்னிக்கு சர்க்கரை, பிரஷர் எதுவும் இல்லை. கேமரா பத்தி ஒரு நீளமான இழை. படம் எடுக்கிற பழக்கம் இல்லாதவங்களும் படிக்கலாம். விஷயம் எல்லாருக்கும் பொதுவானதுதான்.

முதல்ல ஓபியில தினமும் நடக்கிற ஒண்ணு.

ஒருத்தர் வருவார். உட்காரும்போதே, "டாக்டர், நல்லா பவரா ஒரு ஊசி போடுங்க".

"என்ன பண்ணுதுங்க?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல, ஊசி போட்டா சரியாயிடும்."

நோய் என்னன்னு தெரியாம ஊசி போடக் கூடாது. எம்பிபிஎஸ்ல முதல்ல கத்துக்கிற பாடம் இதுதான். நோயாளிகிட்ட பேசு, தொட்டுப் பாரு, அப்புறம் மருந்து எழுது.

இவ்வளவு தெரிஞ்ச நானே, கேமரா விஷயத்துல பார்க்காமலே மருந்து எழுதிட்டேன். அந்தக் கதைதான் இது.

எங்க புவனகிரியில இருந்து வண்டி எடுத்தா ஒரு மணி நேரத்துக்குள்ள பிச்சாவரம். வெள்ளாறும் கொள்ளிடமும் கடலுக்குப் போற இடத்துக்கு நடுவுல இருக்கிற சுரபுன்னைக் காடு. கொக்கு, நாரை, மீன்கொத்தி, நீர்க்காகம்னு பறவைக்குக் குறைவில்லை. லீவு நாள்ல நான் போய் படம் எடுப்பேன். பெரிய திறமை எல்லாம் கிடையாது, ஆசைதான்.

என்கூட வேலை பார்க்கிற தம்பி ஒருத்தருக்கும் அதே ஆசை. கிட் லென்ஸோட பழைய கேமரா ஒண்ணு, கூடவே 55-250 லென்ஸ் ஒண்ணு வச்சிருந்தார். (அவர்கிட்ட கேட்டுட்டுதான் இதை எழுதறேன்.)

படம் எடுக்கிறவங்க இருக்கிற ஒரு குழுவுல அவர் கேட்டார். "பறவைப் படம் தெளிவா வரமாட்டேங்குது. எந்த லென்ஸ் வாங்கலாம்?"

பதில் குவிஞ்சது. ஆளுக்கு ஒரு லென்ஸ் பேர். ஒருத்தர் கம்பெனியையே மாத்தச் சொன்னார். இன்னொருத்தர், "பாடியும் மாத்தணும் ப்ரோ"ன்னார்.

நானும் பதில் போட்டேன். "150-600 வாங்குங்க தம்பி. கண்ணை மூடிட்டு வாங்கலாம்."

எங்கள்ல ஒருத்தர்கூட "ஒரு படம் போடுங்க, பார்ப்போம்"னு கேட்கல.

தம்பி வீட்டுக்காரங்க செயினை அடகு வச்சு அந்த லென்ஸை வாங்கிட்டார். செகண்ட் ஹேண்ட்தான். அதுவே அவருக்குப் பெரிய தொகை.

ரெண்டு மாசம் கழிச்சு என்கிட்ட வந்தார். "சார், இதுலயும் தெளிவா இல்ல. லென்ஸ்ல ஏதாவது கோளாறா?"

அப்பதான் அவர் படத்தை முதல் தடவையா ஒழுங்கா திறந்து பார்த்தேன்.

ஃபோகஸ் சரியாத்தான் இருந்தது. ஆனா மொத்தப் படமும் ஒரு பக்கமா இழுத்த மாதிரி இருந்தது. செட்டிங்ஸைப் பார்த்தேன். துடுப்புப் படகுல உட்கார்ந்து, சாயங்காலம், 600 மில்லிமீட்டர்ல, ஷட்டர் 1/160. ஐஎஸ்ஓ 200லயே நிறுத்தி வச்சிருக்கார்.

"ஏன் 200?"

"கூட்டினா படம் கெட்டுடும்னு சொன்னாங்க சார்."

நோய் அங்கதான் இருந்தது. கை ஆடுது, படகு ஆடுது, பறவையும் ஆடுது. 600ல கையில பிடிச்சு எடுக்கணும்னா ஷட்டர் குறைஞ்சது 1/600 வேணும். சின்ன சென்சார் கேமராவா இருந்தா 1/1000 பக்கம் போகணும். பறக்கிற பறவைக்கு அதுக்கும் மேல. லென்ஸ்ல ஆட்டத்தைக் குறைக்கிற வசதி இருக்கலாம். அது உங்க கை ஆட்டத்தைத்தான் குறைக்கும், கொக்கோட இறக்கையை நிறுத்தாது.

ஐஎஸ்ஓவை 200ல இருந்து 1600க்கு ஏத்தினோம். அதே வெளிச்சத்துல ஷட்டர் 1/1250 கிடைச்சது. கொஞ்சம் புள்ளி விழுந்தது. விழட்டும். புள்ளி சளி மாதிரி, சாஃப்ட்வேர்ல ஓரளவு சரி பண்ணிடலாம். ஆடின படத்துக்கு அப்புறம் வைத்தியம் கிடையாது.

அதே செட்டிங்ல அவரோட பழைய 55-250லயும் எடுத்துப் பார்த்தோம். பறவை சின்னதாத்தான் தெரிஞ்சது. ஆனா கண்ணு தெளிவா இருந்தது.

தம்பி எதுவும் பேசல. எனக்கும் பேச வாய் வரல. செயின் இன்னும் அடகுலதான் இருக்கு. மாசாமாசம் வட்டி கட்டறார்.

"கண்ணை மூடிட்டு வாங்கலாம்"னு எழுதினது நான். நிஜமாவே கண்ணை மூடிட்டுத்தான் எழுதியிருக்கேன்.

அதனால என் கருத்து இதுதான். படத்தைப் பார்க்காம கருவி சொல்றது, நோயாளியைப் பார்க்காம மருந்து எழுதறதுக்குச் சமம். பதில் சொல்றவருக்கு அரை நிமிஷ வேலை. கேட்கிறவருக்கு பல மாச சம்பளம்.

"அப்ப நல்ல கருவியே வேண்டாமா டாக்டர்?"னு கேட்பீங்க.

வேணும். தூரத்துப் பறவைக்கு நீள லென்ஸ் வேணும். சிதம்பரம் நாட்டியாஞ்சலியில மேடை வெளிச்சத்துல எடுக்க அகலமா திறக்கிற லென்ஸ் உதவும். ஆனா இப்ப இருக்கிற கருவி எங்க கைவிடுதுன்னு தெரிஞ்ச பிறகு வாங்கணும்.

மா. கிருஷ்ணன்னு ஒருத்தர் இருந்தார். 'பத்மாவதி சரித்திரம்' எழுதின அ. மாதவையாவோட மகன். 1912ல பிறந்து 1996ல மறைஞ்சவர். காட்டு விலங்குகளைக் கருப்பு வெள்ளையில படம் எடுத்தவர், பத்மஸ்ரீ வாங்கினவர். பல கேமராக்களோட பாகங்களைச் சேர்த்து தனக்குன்னு ஒரு கேமராவைக் கூட்டிக்கிட்டார். அதுக்கு 'சூப்பர் பாண்டரோசா'ன்னு கிண்டலா ஒரு பேரும் வச்சார். தனக்கு என்ன தேவைன்னு தெரிஞ்சவர், அதுக்கு ஏத்த மாதிரி கருவியைச் செஞ்சுக்கிட்டார்.

அடுத்தது, படத்துக்குக் கருத்து சொல்றது. இங்கயும் ரெண்டு வியாதி இருக்கு.

ஒண்ணு, "சூப்பர் ப்ரோ", "செம்ம". கேட்க சந்தோஷமா இருக்கும். சர்க்கரை 300 இருக்கிறவர்கிட்ட "நல்லா இருக்கீங்க"ன்னு சொல்லி அனுப்பினா எப்படி?

ரெண்டாவது, இடம் தெரியாம சொல்றது. "கிளை குறுக்கே வருது, ஒதுக்கிட்டு எடுத்திருக்கலாமே"ன்னு சாதாரணமா எழுதிடறோம்.

பிச்சாவரத்துல தில்லை மரம் இருக்கு. சிதம்பரத்துக்குத் தில்லைன்னு பேர் வந்ததே அந்த மரத்தாலதான். அதை ஒடிச்சா பால் வரும். அது கண்ணுல பட்டா கடுமையா எரியும், தற்காலிகமா பார்வையே போகலாம். பட்டுட்டா கசக்காதீங்க. சுத்தமான தண்ணியில குறைஞ்சது 15 நிமிஷம் கழுவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்கு வாங்க.

கூடு பக்கத்துல கிளையை ஒதுக்கினா இன்னும் மோசம். குஞ்சுக்கு நிழல் போகும், காக்கா கண்ணுக்கும் தெரிஞ்சிடும். நம்ம படத்துக்காக ஒரு குஞ்சு சாகணுமா?

சரி, எப்படிக் கேட்கலாம், எப்படிச் சொல்லலாம்?

கேட்கிறவங்க: படத்தைப் போடுங்க. ஷட்டர், அபெர்ச்சர், ஐஎஸ்ஓ எழுதுங்க. நீங்க என்ன காட்ட நினைச்சீங்கன்னு ஒரு வரி எழுதுங்க. நோயாளி சொல்ற வரலாறு மாதிரி அது.

சொல்றவங்க: முதல்ல உங்க கண்ணு எங்க போச்சுன்னு சொல்லுங்க. அப்புறம் எது உறுத்துதுன்னு சொல்லுங்க. கடைசியா, கையில இருக்கிற கருவியை வச்சே அடுத்த தடவை என்ன மாத்தலாம்னு சொல்லுங்க.

உதாரணத்துக்கு ஒண்ணு: "கொக்கோட இறக்கை வெள்ளையா வெளுத்துப் போச்சு, இறகே தெரியல. பின்னாடி காடு இருட்டா இருக்கிறதால கேமரா ஏமாந்து வெளிச்சத்தைக் கூட்டிடுச்சு. எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் குறைச்சுப் பாருங்க."

ஒரு பைசா செலவில்லை. அடுத்த ஞாயித்துக்கிழமையே பலன் தெரியும்.

நம்ம கடலோரத்து ஆளுங்களுக்கு இன்னொண்ணு. புது லென்ஸ் தேடறதுக்கு முன்னாடி, இருக்கிறதைக் காப்பாத்துங்க. ஈரக் காத்துல லென்ஸுக்குள்ள பூஞ்சை பிடிக்கும். தோல் பையில பூட்டி வைக்காதீங்க. காத்துப் புகாத டப்பாவுல சிலிக்கா ஜெல் போட்டு வைங்க. படகுல போயிட்டு வந்தா, முதல்ல ஊதிட்டு, லேசா ஈரமான மெல்லிய துணியால வெளிப்பக்கத்து உப்பைத் துடைச்சுடுங்க.

இப்பல்லாம் என்கிட்ட யாராவது "எந்த லென்ஸ் டாக்டர்?"னு கேட்டா ஒரே பதில்தான்.

"ஒரு பத்து படம் காட்டுங்க."

பாதிப் பேருக்கு மேல லென்ஸே தேவைப்படல.

உங்க குழுவுல நாளைக்கு யாராவது அதே கேள்வியைக் கேட்பாங்க. லென்ஸ் பேரை டைப் பண்றதுக்கு முன்னாடி ஒரு நொடி நில்லுங்க. அந்தப் பக்கம் ஒரு வீட்டு செயின் இருக்கலாம்.



அரசு மருத்துவர், புவனகிரி