எஞ்சினைக் கடைசியில் பாருங்கள்

பழைய வண்டி வாங்கப் போனால் நம்மூர்க்காரர்கள் செய்வது ஒரே காரியம்தான். உதைத்து ஸ்டார்ட் செய்து, ஆக்சிலேட்டரை இரண்டு முறுக்கு முறுக்கி, தலையைச் சாய்த்துச் சத்தம் கேட்பார்கள். "எஞ்சின் கல்லு மாதிரி இருக்குப்பா" என்று கூட வந்தவர் சொல்லிவிட்டால் வியாபாரம் முடிந்தது. அப்புறம் டீக்கடை, அட்வான்ஸ், வெயிலுகந்த விநாயகர் கோயில் வாசலில் ஒரு எலுமிச்சம்பழம்.

நான் சொல்வது இதற்கு நேர் எதிர். உப்பூர், திருப்பாலைக்குடி, தேவிபட்டினம், தொண்டி என்று இந்தக் கடற்கரையில் இருக்கிறவர் பழைய வண்டி வாங்கினால், எஞ்சினைக் கடைசியாகத்தான் பார்க்க வேண்டும். முதலில் ஆர்.சி. புக்கில் இருக்கும் பெயர். அடுத்து வண்டியின் அடிவயிறு. இரண்டும் சரியாக இருந்தால் மட்டும் எஞ்சின் பக்கம் போங்கள்.

காரணம் எளிது. ரிங் தேய்ந்தால் மாற்றலாம், போர் போடலாம், பட்டறையில் ஒரு நாள் இரண்டு நாள் வேலை. உப்பு தின்ற சட்டத்தை அப்படி மாற்ற முடியாது. காலமாகிப்போன ஒருவர் பெயரில் நிற்கும் ஆர்.சி.யை எந்த மெக்கானிக்காலும் சரிசெய்ய முடியாது.

நான் மெக்கானிக் இல்லை. முப்பது வருஷத்துக்கு மேல் அரசு அலுவலகத்தில் கோப்பு கட்டியவன். அதனால்தான் வண்டி விற்கிறவர்களும் வாங்குகிறவர்களும் படிவத்தைத் தூக்கிக்கொண்டு இன்றும் என் வீட்டுத் திண்ணைக்கு வருகிறார்கள். பெரும்பாலும் பணம் கைமாறிய பிறகுதான் வருகிறார்கள். ஒரு வாரம் முன்னால் வந்திருக்கக் கூடாதா என்று ஒவ்வொரு தடவையும் நினைத்துக்கொள்வேன். இதை எழுதுவதே அதற்காகத்தான்.

முதலில் உப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். உப்பு நம் ஊர்ப் பெயரிலேயே இருக்கிறது. கடற்காற்று ஒரு பக்கம், உப்பளத்து மண் இன்னொரு பக்கம். மதுரையில் பத்து வருஷம் ஓடிய வண்டியும் இங்கே பத்து வருஷம் ஓடிய வண்டியும் ஒன்றல்ல. உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். இரும்பின் மேல் அந்த ஈரம் இருக்கும்வரை துருவுக்கு ஓய்வே கிடையாது. அதிலும் பெயின்ட்டுக்கு அடியில் போகும் துரு வெளியே தெரியாது. மேலே பளபளவென்று இருக்கும், உள்ளே பொரித்த அப்பளம்.

எல்லாவற்றிலும் மோசம் மீன் வண்டி. பின்னால் பெட்டி கட்டி, ஐஸ் போட்டு, விடிகாலையில் ஊர் ஊராகப் போகிற எக்ஸ்.எல். வண்டிகளைத் தினமும் பார்க்கிறோம். உழைத்துச் சாப்பிடுகிறவர்களின் வண்டி, குறை சொல்லவில்லை. ஆனால் உருகின ஐஸ் தண்ணீரும் மீன் உப்பும் சேர்ந்து வருஷக்கணக்கில் பின்சட்டத்திலும் சைலன்சரிலும் பின்சக்கரக் கம்பிகளிலும் சொட்டிக்கொண்டே இருக்கும். விற்கும்போது பெட்டியைக் கழற்றிவிட்டு, தண்ணீர் அடித்து, கறுப்புப் பெயின்ட் பூசி, "வாத்தியார் வண்டி" என்று சொல்லி விற்பார்கள். கேரியரில் பெட்டி கட்டிய தழும்பு இருக்கிறதா என்று பாருங்கள். தெருப்பூனை வண்டியை இரண்டு சுற்று சுற்றினால் வேறு சாட்சி வேண்டாம்.

எப்படிப் பார்ப்பது? பகல் வெளிச்சத்தில் போங்கள். சென்டர் ஸ்டாண்டு போட்டு, தரையில் ஒரு சாக்கை விரித்து, நம்மால் குனிய முடியாவிட்டால் பேரனைக் குனியச் சொல்லுங்கள். ஸ்டாண்டு சட்டத்தோடு சேரும் இடம், பற்றவைத்த இணைப்புகள், மட்கார்டின் உள்பக்கம், சைலன்சரின் அடிப்பாகம், ரிம்மில் கம்பி சேரும் துளைகள். ஒரு ஸ்பேனரால் மெதுவாகத் தட்டினால் நல்ல இரும்பு மணி மாதிரி சொல்லும், செத்த இரும்பு மரம் மாதிரி சொல்லும். பெட்ரோல் டேங்கில் பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்திருந்தால் ஒரு சின்னக் காந்தம் காட்டிக்கொடுத்துவிடும். பட்டியில் காந்தம் ஒட்டாது. அடிப்பக்கம் மட்டும் புதுப் பெயின்ட் மின்னினால் அந்த இடத்தை இன்னும் இரண்டு நிமிஷம் பாருங்கள். பிறகு விற்கிறவரையே சற்றுத் தூரம் ஓட்டச் சொல்லிப் பின்னால் நின்று கவனியுங்கள். முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒரே கோட்டில் போகாவிட்டால் வண்டி எங்கோ விழுந்து எழுந்திருக்கிறது.

என் அக்கா பேரன் மோன்ரியாலில் இருக்கிறான். அங்கே குளிர்காலத்தில் பனி உருகுவதற்காகச் சாலையிலேயே உப்பைக் கொட்டுகிறார்கள். அதனால் பழைய கார் வாங்குகிறவர்கள் முதலில் அடியில்தான் படுத்துப் பார்ப்பார்களாம். நமக்குக் கடல் செய்கிற வேலையை அவர்களுக்கு நகராட்சி செய்கிறது! போன குளிர்காலத்தில் அவனுக்கு இன்னொரு ஆசை. பனிமேல் ஓடும் மோட்டார் வண்டி ஒன்று பழையதாக வாங்க வேண்டும். முன்னால் இரண்டு சறுக்குப் பலகை, பின்னால் டாங்கிக்கு இருப்பதுபோல ஒரு பட்டை. கியூபெக்கில் போம்பார்தியே என்பவர் 1959-இல் 'ஸ்கி-டூ' என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்த வகை. இவன் கேட்டது மலை ஏறும் ரகம், 800 சி.சி. அதுவரை சின்னதைக்கூட ஓட்டிப் பழகியதில்லை. பார்க்கப் போனபோது எஞ்சின் ஏற்கெனவே சூடாக இருந்ததாம். "அப்படியானால் திரும்பி வந்துவிடு, இன்னொரு நாள் காலையில் சொல்லாமல் போய் எஞ்சினைத் தொட்டுப் பார்" என்றேன். பனியில் ஓடினாலும் மணலில் ஓடினாலும் டூ-ஸ்ட்ரோக் எஞ்சினின் குணம் ஒன்றுதான். சூடாக இருக்கும்போது ஸ்டார்ட் ஆவது பெரிய விஷயமில்லை.

(காரைக்காலில் நான் படித்தது பிரெஞ்சு மீடியம். பழைய வண்டிக்கு அந்த மொழியில் 'வுவாத்யூர் தொக்காஸியோன்' என்பார்கள். ஒக்காஸியோன் என்றால் வாய்ப்பு என்றும் ஒரு பொருள். யாருடைய வாய்ப்பு, வாங்குகிறவருடையதா விற்கிறவருடையதா என்று எங்கள் வாத்தியார் சொல்லித் தரவில்லை.)

எஞ்சினைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. குளிர்ந்த எஞ்சினைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு உதையுங்கள். கிக்கரை மெதுவாக அமுக்கினால் ஓர் இடத்தில் எதிர்த்து நிற்க வேண்டும். வெண்ணெயில் கால் வைத்ததுபோல் இறங்கினால் கம்ப்ரஷன் இல்லை. பழைய எக்ஸ்.எல். சூப்பர் டூ-ஸ்ட்ரோக். பெட்ரோலோடு ஆயில் கலந்து ஊற்ற வேண்டும், கொஞ்சம் புகை வரத்தான் செய்யும். 2015-இல் வந்த எக்ஸ்.எல். 100 ஃபோர்-ஸ்ட்ரோக், அது சூடான பிறகும் நீலப் புகை விட்டால் ஆயில் எரிகிறது என்று அர்த்தம். முதன்முதலாக ஓட்டுகிறவருக்கு, அது காலேஜ் போகும் பையனாக இருந்தாலும் மகளிர் குழு வேலைக்குப் போகும் மருமகளாக இருந்தாலும், என் ஓட்டு இந்தச் சின்ன வண்டிக்குத்தான். 1980-இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்த நாளிலிருந்து நம் பக்கத்துப் பட்டறைக்காரர்களுக்கு இந்தக் குடும்பத்து வண்டிகள் கைப்பழக்கம். பையன் பெரிய பைக் கேட்பான். கேட்கட்டும்.

இனி ஆர்.சி. புக். இங்கேதான் நான் கொஞ்சம் நீட்டுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விற்கிறவர் பெயரும் ஆர்.சி.யில் உள்ள பெயரும் ஒன்றா? இல்லையென்றால் வண்டி இடையில் யாரிடமோ பெயர் மாறாமல் தங்கியிருக்கிறது. சேஸிஸ் நம்பரையும் எஞ்சின் நம்பரையும் வண்டியில் தேடி, எழுத்துக்கு எழுத்து ஒத்துப்பாருங்கள். கடனில் எடுத்த வண்டியா என்று பாருங்கள். தவணை கட்டி முடித்திருந்தாலும் ஆர்.சி.யில் அந்தக் குறிப்பு அப்படியே இருக்கலாம். அதை நீக்கப் படிவம் 35-உம் கடன் கொடுத்தவரின் தடையில்லாச் சான்றும் வேண்டும். அதை விற்கிறவர்தான் செய்து தர வேண்டும். "நீங்க பார்த்துக்கங்க, ஐந்நூறு குறைச்சுக்கிறேன்" என்றால் சரி என்று சொல்லாதீர்கள். பதிவு செய்து பதினைந்து வருஷம் ஆன வண்டியென்றால் பதிவைப் புதுப்பித்திருக்க வேண்டும்.

என் பிறந்த ஊர்ப் பக்கத்திலிருந்து வரும் பி.ஒய். நம்பர் வண்டிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. விலை குறைவு என்று வாங்கி வந்துவிடுகிறார்கள். அந்த வண்டி இங்கேயே பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இருந்தால் தமிழ்நாட்டு நம்பர் வாங்கியாக வேண்டும். அதற்கு அங்கிருந்து படிவம் 28-இல் தடையில்லாச் சான்று, இங்கே சாலை வரி, அலைச்சல். எல்லாவற்றையும் கூட்டினால் ராமநாதபுரத்தின் டி.என். 65 வண்டியே மலிவாகத் தெரியும்.

பெயர் மாற்றத்துக்கு இரண்டு படிவம். 29 விற்கிறவர் கொடுக்க வேண்டிய தகவல். ஒரே மாநிலத்துக்குள் என்றால் பதினான்கு நாளுக்குள். 30 பெயர் மாற்றக் கேட்டு. வாங்குகிறவருக்கு முப்பது நாள். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் வாங்கியவர் பதினான்கு நாளுக்குள் எழுதிப் போட வேண்டும். இவ்வளவுதான் சட்டம். ஆனால் நடப்பது என்ன? வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, தேதி போடாமல், வண்டிச் சீட்டுக்கு அடியில் மடித்து வைத்துவிடுகிறார்கள். வண்டி மூன்று கை மாறும், படிவம் மட்டும் சீட்டுக்கு அடியிலேயே கிடந்து மஞ்சளாகும்.

இதனால் ஆபத்து வாங்குகிறவருக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். விற்றவருக்குத்தான் பெரிய ஆபத்து. இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் முழங்கால் ஒத்துழைக்காமல் வண்டியை விற்றவர்கள்தானே? 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு கார் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. 2007-இல் சொந்தக்காரர் காரை விற்றுவிட்டார். அது ஒருவரிடமிருந்து இன்னொருவர் என்று கைமாறிக்கொண்டே போனது. ஆர்.சி.யில் மட்டும் பழைய பெயர். 2009-இல் விபத்து, உயிர்ச்சேதம், காருக்கு இன்ஷூரன்ஸும் இல்லை. யார் கையில் கார் இருந்தாலும், பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்பது தீர்ப்பு. விபத்தில் அடிபட்ட குடும்பம் ஒவ்வொரு கையாகத் தேடி அலைய முடியாது என்பது நியாயம்தான். ஆனால் விற்று இரண்டு வருஷம் ஆனவர் நிலைமையை யோசித்துப் பாருங்கள். பென்ஷன் வாங்குகிற நமக்கு இது தாங்குமா?

எங்கள் தெருவிலேயே ஒரு அம்மா, கணவர் இறந்த பிறகு அவர் ஓட்டிய வண்டியைத் தெரிந்த பையன் என்று சொல்லிக் கொடுத்துவிட்டார். ஆர்.சி. இன்னும் இறந்தவர் பெயரில். இப்படிப்பட்ட வண்டியை நேரே விற்க வழியில்லை. சொந்தக்காரர் இறந்த முப்பது நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தகவல் கொடுத்து, மூன்று மாதத்துக்குள் படிவம் 31-இல் வாரிசு பெயருக்கு மாற்ற வேண்டும். அதன் பிறகுதான் விற்பனை. துக்க வீட்டில் வண்டி ஞாபகம் யாருக்கு வரும்? வராது. அதனால் பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் ஞாபகப்படுத்த வேண்டும்.

ஆகவே வாங்குகிறவரும் விற்கிறவரும் சேர்ந்தே ஒரு நாள் ராமநாதபுரம் பஸ் ஏறி, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் காகிதத்தைக் கொடுத்துவிட்டு வாருங்கள். விலையில் ஒரு பகுதியை அந்த நாள்வரை நிறுத்தி வையுங்கள். பாக்கி நின்றால் எவ்வளவு வேலையுள்ள மனிதரும் வந்துவிடுவார்.

ஏற்கெனவே விற்றுவிட்டவர்கள் இன்றைக்கே ஒரு காரியம் செய்யலாம். செல்போனில் 'எம்-பரிவாகன்' என்று அரசாங்கத்தின் செயலி இருக்கிறது. உங்கள் பழைய வண்டி நம்பர் நினைவிருக்கும், முதல் வண்டியின் நம்பரை யாரும் மறப்பதில்லை. பேரனையோ பேத்தியையோ பக்கத்தில் உட்கார வைத்து அதைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பெயரில் சில எழுத்துகளை மறைத்துத்தான் காட்டும். உங்கள் பெயரா இல்லையா என்று கண்டுபிடிக்க அது போதும். இன்னும் உங்கள் பெயரே இருந்தால், வாங்கியவர் வீட்டுக்கு நாளைக் காலையிலேயே போங்கள். அவர் மசியாவிட்டால், விற்ற தேதியும் வாங்கியவர் முகவரியும் எழுதிப் படிவம் 29-ஐ ஸ்பீட் போஸ்டில் ஆர்.டி.ஓ.வுக்கு அனுப்புங்கள். பெயர் மாறும்வரை பொறுப்பு முழுதாகத் தீராது என்றாலும், நீங்கள் சும்மா இருக்கவில்லை என்பதற்கு ஒரு காகிதமாவது கையில் இருக்கும். அனுப்பிய ரசீதைப் பத்திரமாக வையுங்கள். படிவம் நிரப்பத் தெரியாதவர்கள் சாயங்காலம் நாலு மணிக்கு மேல் திண்ணைக்கு வரலாம், கண்ணாடியை மறக்காமல் கொண்டு வாருங்கள்.