கடைசி வரிசையிலிருந்து அளப்போம்

தலைமையாசிரியை ஒரு சாக்பீஸ் டப்பாவைத் திறந்து மேசையில் கவிழ்த்தார். உள்ளிருந்து நான்கு ரால் பிளக்குகள் விழுந்தன. நான்கிலும் சிமெண்ட் பூச்சு ஒட்டியிருந்தது.

"ஞாயித்துக்கிழமை ராத்திரி விழுந்திருக்கு சார். மறுநாள் காலையில விழுந்திருந்தா முன் பெஞ்சுல மூணாம் வகுப்புப் பிள்ளைங்க இருந்திருக்கும்" என்றார். அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை.

பள்ளிக் கூட்ட அறைகள், பயிற்சிக் கூடங்கள், மருத்துவமனைக் கருத்தரங்க அறைகள் ஆகியவற்றின் சுவரில் திரையும் ஸ்பீக்கரும் புரொஜெக்டரும் மாட்டுவது என் தொழில். 22 ஆண்டுகளாகச் செய்கிறேன். அந்தப் பள்ளியில் விழுந்தது 75 அங்குலத் தொடுதிரை. சட்டத்தோடு சேர்த்து 50 கிலோவுக்குக் குறையாது. அது மாட்டியிருந்த சுவரை விரல் கணுவால் தட்டிப் பார்த்தேன். ஒரு இடத்தில் 'டக்' என்றது, பக்கத்திலேயே 'டொம்' என்றது. ஹாலோ பிளாக் சுவர். பெரிய ஹாலை இரண்டாகப் பிரிக்கப் பின்னாளில் எழுப்பியது. மேலே பூச்சும் பெயிண்டும் ஏறிவிட்டால் எல்லாச் சுவரும் கண்ணுக்கு ஒன்றுதான். தட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

ரால் பிளக்குக்கு நூறாண்டு கடந்த வரலாறு உண்டு. லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் சுவர்களைச் சிதைக்காமல் மின்சாதனங்களைப் பொருத்த வேண்டியிருந்தது. அதற்காக 1911-இல் ஜான் ஜோசப் ராலிங்ஸ் என்பவர் நாரால் ஆன சிறு குழல் ஒன்றைச் செய்தார். அவர் பெயரின் முதல் பாதியைத்தான் நாம் இன்றும் 'ரால்' என்கிறோம். 1958-இல் ஜெர்மனியின் ஆர்தர் ஃபிஷர் அதையே நைலானில் செய்தார். பொருள் மாறினாலும் வேலை ஒன்றுதான். திருகு உள்ளே போகப் போகக் குழல் விரிந்து, துளையின் சுற்றுச்சுவரை நெருக்கிப் பிடித்துக்கொள்ளும். நெருக்குவதற்குக் கெட்டியான சுவர் வேண்டும். ஹாலோ பிளாக்கின் வெற்றிடத்துக்குள் போன பிளக் எதைப் பிடிக்கும்? பூச்சை மட்டும் பிடித்துக்கொண்டு சில மாதம் தொங்கியிருக்கிறது, அவ்வளவே.

நல்ல செங்கல் சுவரிலும் கணக்கு உண்டு. 50 மில்லிமீட்டர் பிளக்கை அடிக்கிறோம். பூச்சு 15 மில்லிமீட்டர் என்றால் செங்கல்லுக்குள் போவது 35 மட்டுமே. அதனால் பூச்சைக் கணக்கில் சேர்க்காமல், செங்கல்லில் எவ்வளவு ஆழம் என்று பார்க்க வேண்டும். இரண்டு செங்கல் சேரும் கலவைக் கோட்டில் துளை விழக்கூடாது. துளையிட்ட பிறகு தூளை ஊதி எடுக்காவிட்டால் பிளக் தூளைத்தான் பிடிக்கும். ஏஏசி எனப்படும் இலகுரகக் கான்கிரீட் பிளாக்கில் டிரில்லை ஹேமர் முறையில் ஓட்டினால் துளை பெரிதாகிப் பொலபொலவென்று உதிரும். ஹாலோ பிளாக்கில் மாட்டியே தீர வேண்டுமென்றால், சுவரின் மறுபக்கம் இரும்புத் தகடு கொடுத்து முழுப் போல்ட் போட வேண்டும்.

சட்டத்தின் வகையும் முக்கியம். தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்தால் அரைக் கிலோமீட்டர் நடக்கலாம். அதே குடத்தைக் கையை நீட்டிப் பிடித்தால் பத்தடி தாங்காது. சுவரோடு ஒட்டிய சட்டம் இடுப்புக் குடம். முன்னே இழுத்துத் திருப்பும் கைச்சட்டம் நீட்டிய கைக் குடம். எடை அதேதான், ஆனால் மேல் போல்ட்டுகளைச் சுவரிலிருந்து பிடுங்கும் இழுவை பல மடங்காகிவிடும்.

"இதே இடத்துல பலமா மாட்டிக் குடுத்துருங்க சார்" என்றார் தலைமையாசிரியை. நான் டேப்பை எடுத்துக்கொண்டு கடைசி பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்தேன். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் வழக்கம் அது. கடைசி ஆளின் இடத்தில் உட்காராமல் சுவரில் பென்சில் கோடு போட விடமாட்டார்.

அறை 30 அடி நீளம், 20 அடி அகலம். திரை இருந்தது குறுகிய பக்கத்தில். கடைசி பெஞ்சிலிருந்து 28 அடி. எங்கள் தொழிலில் ஒரு பழைய கணக்கு உண்டு: எழுத்தைப் படிக்க வேண்டுமென்றால், திரையின் உயரத்தைப் போல் ஆறு மடங்கு தூரத்துக்குள் ஆள் இருக்க வேண்டும். 75 அங்குலம் என்பது மூலைக்கு மூலை அளவு. அதன் உயரம் 37 அங்குலம்தான். ஆறால் பெருக்கினால் 18 அடி சொச்சம். அதற்குப் பின்னால் இருந்த பிள்ளைகளுக்குத் திரையின் வெளிச்சம் போய்ச் சேர்ந்திருக்கும், எழுத்து சேர்ந்திருக்காது. 28 அடிக்கு வேண்டுமென்றால் 114 அங்குலத் திரை தேவை.

தமிழ் எழுத்துக்கு இந்தக் கணக்கு இன்னும் கறாரானது. நம் எழுத்தில் புள்ளி ஒன்று மறைந்தால் மெய் உயிர்மெய்யாகிவிடும். தூரத்தில் உட்கார்ந்து எழுத்துக்கூட்டும் குழந்தைக்குப் 'பல்' என்பது 'பல' ஆகும். சுழி ஒன்று மங்கினால் ண, ன ஆகிவிடும். பெரியவர்கள் சொல்லை முன்பே அறிந்திருப்பதால் ஊகித்துப் படித்துவிடுவோம். புதிதாகப் படிக்கும் பிள்ளை எதை வைத்து ஊகிக்கும்?

எனவே அறையைத் திருப்பினோம். நீளப் பக்கச் சுவர் பழைய கட்டடத்தின் 9 அங்குலச் செங்கல் சுவர். திரையை அதன் நடுவில் மாட்டியதும் கடைசி வரிசை 18 அடிக்குள் வந்துவிட்டது. இன்னும் பெரிய திரை வாங்கத் தேவைப்படவில்லை. முன் மூலைகள் இரண்டிலும் பெஞ்சு போடவில்லை, அங்கிருந்து பார்த்தால் படம் சரிந்து தெரியும். எதிரே ஜன்னல் வரிசை. அதன் வெளிச்சம் திரையில் விழுந்து கண்ணைக் கூசவைக்கும் என்பதால் கனமான திரைச்சீலை தைத்துப் போடச் சொன்னேன். டைல்ஸ் தரையும் வெறும் சுவருமாக இருந்த அறையில் எதிரொலியும் அதனால் கொஞ்சம் அடங்கியது.

உயரத்தில்தான் பலரும் தவறுகிறார்கள். சாமி படம் மாட்டும் உயரத்தில் திரையை ஏற்றிவிடுகிறார்கள். நாற்காலியில் உட்கார்ந்த பெரியவரின் கண் தரையிலிருந்து ஏறக்குறைய 4 அடியில் இருக்கும். வெறுமனே பார்க்கும் திரைக்கு அடிவிளிம்பு அந்த அளவில் இருந்தால் முன்னால் இருப்பவரின் தலை மறைக்காது. தொடுதிரை வேறு. அதைக் குழந்தை எட்டித் தொட வேண்டும். அங்கே அடிவிளிம்பை இரண்டரை அடிக்கு இறக்கி, பெஞ்சுகளை நேர்வரிசை விட்டு மாற்றி மாற்றிப் போட்டோம். ரசமட்டம் வைத்துச் சரிபார்த்தபோது மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி வந்து மேல்மூலையைத் தொட முயன்றாள். கை எட்டவில்லை. நடுத்திரை நன்றாக எட்டியது. அது போதும்.

கேபிளுக்கு ஒரு சொல். எச்டிஎம்ஐ கேபிளின் தலை பருத்தது. முக்கால் அங்குலக் குழாயில் நுழையாது, வளைவில் திரும்பாது. பூசுவதற்கு முன்பே ஒன்றரை அங்குலக் குழாய் பதித்து, உள்ளே இழுப்பதற்கு ஒரு கம்பியும் விட்டுவைத்தால் நாளை கேபிள் மாறினாலும் சுவரை உடைக்க வேண்டாம். மின்சார ஒயருக்குத் தனிக் குழாய் வேண்டும். மைக் ஒயரை அதோடு சேர்த்து இழுத்தால் ஸ்பீக்கரில் வண்டு ரீங்கரிப்பதுபோல் ஓயாத இரைச்சல் வரும்.

பள்ளியோ சங்கமோ அலுவலகமோ, கூட்ட அறை கட்டுகிறவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். லட்சக்கணக்கில் திரை வாங்குகிறீர்கள். மாட்டும் வேலையைக் கடைசி நாள் சாயங்காலத்துக்குத் தள்ளி, "ஒரு மணி நேரத்துல முடிச்சுருங்க" என்கிறீர்கள். அப்படிச் செய்யாதீர்கள். சுவர் பூசும் முன்பே மாட்டுபவரைக் கூப்பிடுங்கள், அவருக்கு ஒரு முழு நாளும் அதற்குரிய கூலியும் கொடுங்கள். எந்தச் சுவர், என்ன போல்ட், எவ்வளவு ஆழம் என்று பில்லில் எழுதி வாங்குங்கள். கையெழுத்துப் போடும் முன் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்து, திரையில் ஒரு தமிழ் வரியைப் படித்துப் பாருங்கள். புள்ளிகள் எல்லாம் தெரிந்தால் கையெழுத்துப் போடுங்கள்.