ஞாயிற்றுக்கிழமை ஆட்களையும் கணக்கில் எழுதுங்கள்

மூன்று ஆளை வைத்துக் கறிக்கடை நடத்துகிறவனுக்கு இன்சூரன்ஸ் கட்டுப்படியாகாது என்று எங்கள் தொழிலில் பலரும் சொல்கிறார்கள். மதுரையில் அப்பா வைத்த ஆட்டுக்கறிக் கடையை இப்போது நான் நடத்துகிறேன். இந்தப் பேச்சை என்னால் ஏற்க முடியவில்லை.

15,000 ரூபாய் சம்பளம் வாங்குகிற ஆளுக்கு இ.எஸ்.ஐ.யில் முதலாளி கட்ட வேண்டியது 3.25 சதவீதம். மாதம் 487 ரூபாய் 50 காசு. இன்றைக்கு ஒரு கிலோ ஆட்டுக்கறியே அதைவிட விலை கூடுதல். பத்துப் பேருக்குக் குறைவான கடைக்கு இ.எஸ்.ஐ. கட்டாயமில்லை, கறிக்கடை, மீன்கடைகளில் பெரும்பாலானவை அந்தக் கோட்டுக்குக் கீழேதான் இருக்கின்றன. ஆனால் விரும்பினால் சிறிய கடையும் சேரலாம் என்கிறது புதிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு. சேர விருப்பமில்லையென்றால் தொழிலாளர் இழப்பீட்டு பாலிசி இருக்கிறது.

கட்டாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் பார்ப்போம். 1923 முதல் இருந்து, இப்போது புதிய சட்டத் தொகுப்புக்குள் வந்துவிட்ட இழப்பீட்டுச் சட்டம் ஒவ்வொரு விரலுக்கும் கணக்கு வைத்திருக்கிறது: கட்டைவிரல் முழுதாகப் போனால் 30 சதவீத ஊனம், ஆள்காட்டி விரல் 14, நடுவிரல் 12. முப்பது வயது ஆள், சம்பளம் 15,000. அதில் 60 சதவீதம் 9,000. அந்த வயதுக்குரிய காரணி 207.98. பெருக்கி, கட்டைவிரலுக்கு 30 சதவீதம் எடுத்தால் 5,61,546 ரூபாய். பாலிசி இல்லாத கடைக்காரர் இதைக் கடையை விற்றுத்தான் கொடுக்க வேண்டும். பெரும்பாலும் கொடுப்பதில்லை. ஆஸ்பத்திரிச் செலவும் கையில் ஒரு பத்தாயிரமுமாக அந்த ஆளை ஊருக்கு அனுப்பிவிடுகிறோம். எனக்குப் பொறுக்க முடியாதது அதுதான்.

பாலிசி எடுப்பவர்களும் பிரீமியத்தைக் குறைக்கச் சம்பளத்தை 8,000 என்று எழுதுகிறார்கள். கம்பெனி எழுதிய அளவுக்குத்தான் நிற்கும். மீதி நம் தலையில் விழும், அல்லது விரல் போனவன் தலையில்.

இன்னொன்று, ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு மட்டும் வருகிற பையன்கள் எந்தக் கடையின் பதிவிலும் இருக்க மாட்டார்கள். விடியற்காலையில் தீட்டிய கத்தி பத்து மணிக்குள் மழுங்கிவிடும். புளியங்கட்டை முழுக்கக் கொழுப்பு வழுக்கும். வரிசையில் நிற்பவர் "சீக்கிரம் போடுங்கண்ணே" என்பார். மழுங்கின கத்தியை ஓங்கிப் போட வேண்டியிருக்கும். நெஞ்செலும்பில் பட்டு நழுவினால், எலும்பைப் பிடித்திருக்கும் இடது கைக்குத்தான் வரும். இடது கைக்குக் கம்பி வலைக் கையுறை வாங்கிக் கொடுங்கள். ஆளுக்கு இரண்டு கத்தி கொடுத்து மாற்றித் தீட்டச் சொல்லுங்கள்.

மீன் சந்தையில் நிலைமை இன்னும் மோசம். அரிவாள்மனை போட்டு உட்கார்ந்து மீன் வெட்டித் தரும் அக்காக்களுக்கு முதலாளியே கிடையாது; வெட்டுக்கூலியை வாடிக்கையாளர் கொடுக்கிறார். கெளுத்தி முள் குத்திக் கை வீங்கி ஒரு வாரம் படுத்தாலும் கேட்க ஆளில்லை. வருடம் 20 ரூபாய்க்கு மத்திய அரசின் விபத்துக் காப்பீடு இருக்கிறது, நல்லதுதான். ஆனால் அது உயிர், கண், கை, கால் போனால்தான் பணம் தரும். விரலுக்கு ஒன்றும் கிடையாது. வெட்டுகிறவருக்கு விரல்தானே பிழைப்பு?

உள்ளாட்சிகள் மீன் சந்தையில் கடைகளுக்கு வாடகை வசூலிக்கின்றன. அந்தப் பணத்தில் ஒரு பங்கை எடுத்து, அங்கே மீன் வெட்டுகிறவர்களுக்குக் குழுக் காப்பீடு போட வேண்டும். இறைச்சிக்கடை உரிமத்தைப் புதுப்பிக்கும்போது ஆட்களின் காப்பீட்டுச் சான்றைக் கேட்க வேண்டும். சக கடைக்காரர்கள் என்மேல் கோபப்படலாம், பரவாயில்லை. அடுத்த முறை பாலிசி எடுக்கும்போது சம்பளத்தை உள்ளபடி எழுதுங்கள், ஞாயிற்றுக்கிழமைப் பையன்களின் கூலியையும் சேர்த்து.