பொறியியலோடு இன்னொரு துறை

பொறியியல் பயிலும் மாணவன் ஒருவன், அதனுடன் தமிழையோ வரலாற்றையோ முறையாகப் படிக்க விரும்புவதாக வீட்டில் சொன்னால் என்ன விடை கிடைக்கும் என்பதை நாம் அறிவோம். "முதலில் அரியர் இல்லாமல் முடி" என்பார் தந்தை. அவரைக் குறைகூற நமக்கு மனமில்லை. சங்கராபுரத்தைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் ஒரு பிள்ளையின் பொறியியற் கல்விக்காக நிலம் ஈடுவைக்கப்படுகிறது. தாயின் நகை வங்கிக்குச் சென்று ஆண்டுக்கணக்கில் அங்கேயே தங்கிவிடுகிறது. அவ்வாறு படிக்கச் செல்லும் பிள்ளையின் பொழுது முழுவதும் அக்கடனுக்கு எழுதிக்கொடுக்கப்பட்டது போலாகிவிடுகிறது. தமிழ் கற்பிப்பவர்கள் ஆதலின் நாம் தமிழுக்காகப் பரிந்து பேசுவோம் என வாசகர் எதிர்பார்க்கலாம். இங்கு நாம் பேசப்போவது பொறியியலின் நலன் கருதியே.

முதலில் ஒரு முன்னோடியைப் பார்ப்போம். கரூர்ப் பகுதியின் சிற்றூரொன்றில் 1929-இல் பிறந்த வா.செ. குழந்தைசாமி நீரியல் வல்லுநர். அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். மழைநீர் ஆற்றுநீராக மாறும் கணக்கில் அவர் வகுத்த முறை, நீரியலில் அவர் பெயராலேயே வழங்குகிறது. அவரே குலோத்துங்கன் என்னும் புனைபெயரில் கவிதை எழுதினார். 'வாழும் வள்ளுவம்' நூலுக்காக 1988-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். அண்ணா பல்கலைக்கழகத்திலும் இந்திராகாந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலும் துணைவேந்தராக இருந்தார். அவர் வற்புறுத்திய எழுத்துச் சீர்திருத்தம் நமக்கு உடன்பாடன்று. உகர, ஊகார வரிசைகளுக்குத் தனிக்குறியிட்டு எழுத்துருக்களின் எண்ணிக்கையைக் குறைக்கலாம் என்ற அந்த யோசனையில், குழந்தையின் சுமையைக் குறைக்கக் கணக்கிடும் பொறியாளரைக் காண்கிறோம். எழுதிப் பழகிய கையின் வரலாற்றைக் காணவில்லை. எனினும் அதை மறுக்க வேண்டுமானால் நாமும் எண்ணிப்பார்த்தே மறுக்க வேண்டியிருந்தது. தமிழ்த்துறையினர்க்கு அவர் செய்த நன்மைகளுள் அதுவும் ஒன்று.

இரண்டு துறைகளில் கால்வைப்பது எப்போதும் நற்பயனே தரும் என்று நாம் சொல்லவரவில்லை. பா.வே. மாணிக்க நாயக்கர் (1871–1931) பொதுப்பணித் துறைப் பொறியாளர். தமிழ் ஒலிகளின் பிறப்பை ஆராய்வதில் அவர் காட்டிய ஊக்கம் வியப்புக்குரியது. ஆனால் எழுத்துகளின் வடிவத்திற்குள் மறைபொருள் காணப் புகுந்த பகுதி இன்று நம்மை நம்பவைப்பதில்லை. ஒரு பாலத்தைக் கட்டும்போது ஊகத்தை இடமறிந்து நிறுத்தும் அறிவு, மொழியை நெருங்கும்போது சில வேளைகளில் தளர்ந்துவிடுகிறது. (இன்று வேர்ச்சொல் ஆய்வு என்னும் பெயரில் உலக மொழிகளையெல்லாம் ஒரே பிற்பகலில் தமிழாக்கிவிடும் அன்பர்களுள் பொறியாளர்களும் பலர் உளர். நண்பர்கள் சினங்கொள்ளலாகாது.) இன்னொரு துறைக்குள் செல்பவர் அத்துறையின் சான்றுமுறையையும் உடன் கற்றாக வேண்டும் என்பதே நம் கருத்து. ஆர்வம் மட்டும் போதாது.

அவ்வாறு கற்றவர் எதைச் செய்ய முடியும் என்பதற்குப் பொறியாளர் பழ. கோமதிநாயகம் சான்று. பொதுப்பணித் துறையில் பணியாற்றிய அவர் 'தமிழகப் பாசன வரலாறு' என்னும் நூலை எழுதினார். ஏரியை நீர் தேங்கும் பள்ளமாக மட்டும் கண்டால் கரையின் உயரமும் மதகின் அகலமும் போதும். உத்தரமேரூர்க் கல்வெட்டைப் படித்த பொறியாளருக்கோ, பத்தாம் நூற்றாண்டிலேயே ஏரி வாரியம் என்ற குழு இருந்ததும், அதன் உறுப்பினர் குடவோலையால் ஓராண்டுக்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்டதும் தெரியும். யார் தூர்வாருவது, யார் மதகைத் திறப்பது, கடைமடைக்காரன் யாரிடம் முறையிடுவது ஆகிய வினாக்களும் வடிவமைப்பின் பகுதிகளே என்பது அப்போது விளங்கும். தூம்பு, குமிழி, கலிங்கு என்ற சொற்கள் தமிழ் மாணவனுக்கு அகராதிச் சொற்கள். கட்டடப் பொறியியல் மாணவனுக்கு அவை கேள்விப்படாத சொற்கள். இருவரும் நாள்தோறும் ஒரே ஏரிக்கரையைப் பேருந்தில் கடந்துதான் கல்லூரிக்குச் செல்கிறார்கள்!

நம் பகுதிக்கே வருவோம். கோமுகியும் மணிமுக்தாவும் கல்வராயன் மலையில் பிறந்து வருபவை. அம்மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் மீது ஜாகீர்தார்களின் ஆட்சி 1976 வரை நீடித்தது. நாடு விடுதலையடைந்து ஏறத்தாழ முப்பதாண்டுகள் கழிந்த பின்னரே அரசு நிர்வாகம் முழுமையாக மலையேறியது. 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் அம்மக்களின் வாழ்நிலை குறித்துத் தானாக முன்வந்து வழக்கெடுத்தபோது, சாலையும் மருத்துவமும் போன்ற அடிப்படை வசதிகளே பேசுபொருளாயின. மலைச்சாலைக்கு வரைபடம் தயாரிக்கும் இளம் பொறியாளர், சரிவையும் மண்ணின் தன்மையையும் கணிக்கக் கற்றிருப்பார். குடியிருப்புகள் ஏன் இவ்வாறு சிதறிக்கிடக்கின்றன, எந்த நிலம் காடு, எது வருவாய் நிலம், யாருக்கு எந்த நிலத்தில் 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின்படி உரிமையுண்டு, மலைக்காரர் 'அந்தப் பக்கம் வேண்டாம்' என்று சொல்லும்போது அங்கே இருப்பது கோயிலா ஊற்றா என்பவற்றை யார் கற்பித்தார்? மானிடவியலில் ஒரு பருவமேனும் பயின்றிருந்தால் கேட்கவாவது தோன்றும். இன்று அம்மலையிலிருந்தே பிள்ளைகள் பொறியியற் கல்லூரிக்குச் செல்கிறார்கள். அவர்கள் தம் பாட்டியிடமிருந்து அறிந்தது யாவும் கல்லூரி வாயிலில் கழற்றி வைக்க வேண்டிய செருப்பாகக் கருதப்படுவதுதான் நம்மை வருத்துகிறது.

அண்ணா பல்கலைக்கழகம் எதுவும் செய்யவில்லை என்று கூறுவது நேர்மையாகாது. 'தமிழர் மரபு', 'தமிழரும் தொழில்நுட்பமும்' என இரு பாடங்கள் முதலாண்டில் வைக்கப்பட்டுள்ளன. நல்ல தொடக்கம். ஆனால் ஒவ்வொன்றும் ஒரே ஒரு கிரெடிட். வாரத்தில் ஒரு மணிநேரத்தில் பாறை ஓவியம் முதல் கணித்தமிழ் வரை ஓட வேண்டும். ஓட்டத்தில் மாணவன் பெறுவது பெருமிதம். சோதிக்கும் பழக்கம் வாய்ப்பதில்லை. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்னும் கதையை இன்றும் பொறியியல் மாணவர்களே வாட்ஸ்அப்பில் பரப்பக் காண்கிறோம். நிழல் விழத்தான் செய்கிறது. மாலையில் அங்கே சென்று நின்றால் கண்ணுக்குத் தெரியும். நிழலின் நீளத்தையும் ஞாயிற்றின் கோணத்தையும் கொண்டு விமானத்தின் உயரத்தைக் கணக்கிடச் சொன்னால் அது பாடம். இராசராசன் காலத்துக் கொத்தனுக்கு உண்மையான மரியாதையும் அதுவே.

அதே பல்கலைக்கழகத்தின் 2021-ஆம் ஆண்டு ஒழுங்குமுறையில் மைனர் பட்டத்திற்கு வழியுண்டு. கூடுதலாக 18 கிரெடிட் படித்தால் பிறிதொரு துறையின் பெயரும் பட்டத்தில் சேரும். அத்துறைகளின் பட்டியலைப் பார்த்தோம்: நிதித் தொழில்நுட்பம், தொழில்முனைவு, பொது நிர்வாகம், வணிகத் தரவுப் பகுப்பாய்வு, சுற்றுச்சூழலும் நீடித்த வளர்ச்சியும். பயனற்றவை என ஒன்றையும் ஒதுக்கமாட்டோம். ஆயினும் மொழியியல் எங்கே? வரலாறும் மானிடவியலும் எங்கே? கணினிக்குத் தமிழ் கற்பிக்க ஆளில்லை என்று மேடைதோறும் கூறுகிறோம். சொற்பகுப்பும் புணர்ச்சியும் அறிந்த நிரலாளர் வேண்டும் என்கிறோம். அவர் எந்த வகுப்பறையில் உருவாவார் என்று எவரும் கேட்பதில்லை.

பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் ஒரே காலத்தில் இரு பட்டங்கள் பயில இசைவளித்தது. பகலில் பொறியியலும் தொலைநிலைக் கல்வியில் இளங்கலைத் தமிழும் படிக்கலாம், தடையில்லை. எதிர்த்திசையிலும் கதவு திறந்துள்ளது. சென்னை ஐ.ஐ.டி. இணையவழியில் நடத்தும் தரவு அறிவியல் பட்டப்படிப்பில், வேறொரு பட்டம் பயிலும் மாணவரும் சேரலாம். இச்செய்தியை நம் தமிழ் மாணவர்களிடம் சொன்னபோது சிலர் உடனே குறித்துக்கொண்டனர். பொறியியல் மாணவரிடம் மறுதிசையைப் பற்றிச் சொன்னால் முதலில் வரும் வினா, 'கம்பெனியில் இதைக் கேட்பார்களா?' என்பது. கேட்கமாட்டார்கள். பொய் சொல்லி எவரையும் தமிழுக்குள் அழைக்க நமக்கு விருப்பமில்லை. எல்லாரும் வரவேண்டிய தேவையுமில்லை. வகுப்பில் இருவர் வந்தால் போதும். ஆனால் அந்த இருவர் தனியே, கட்டணமும் கட்டி, இரவில் விழித்துப் படிக்க வேண்டிய நிலைதான் முறையற்றது.

எனவே நாம் கேட்பது சிறிய ஏற்பாடு. மைனர் பட்டியலில் 'தமிழியல்' என்று ஒன்று சேரட்டும். மூன்று கிரெடிட் வீதம் ஆறு தாள்கள்: மொழியியல், கல்வெட்டியல், பாசன வரலாறு, வட்டார மானிடவியல், கணினித் தமிழ், ஆறாவது, களப்பணி. ஆசிரியர்களுக்கு வெளியே அலைய வேண்டாம்; அருகிலுள்ள அரசு கலைக் கல்லூரிகளில் இருக்கிறார்கள். களப்பணித் தாளுக்கு முதற்பொருளை இப்போதே சொல்லிவிடுகிறோம். சங்கராபுரம் வட்டத்து ஏரி ஒன்றை எடுத்துக்கொண்டு, கரையை அளந்து, மதகை வரைந்து, அதன் உறுப்புகளுக்கு ஊரார் வழங்கும் பெயர்களை அவர்கள் சொல்லும் உச்சரிப்பிலேயே எழுதி வர வேண்டும்.